வினை வந்த வழி – 23: பெரட்டுக்களத்துக் காது

போன வாரம் 'ஒப்சேர்வ்' பார்த்தோம். விரதம் பிடிப்பதும் வேவு பார்ப்பதும் ஒரே வினைக்குள் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று சொல்லி முடித்தேன். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் 'கம்ப்ளை' என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அது ஞாபகம் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை ஒரு கொப்பி குறுக்கே விழுந்துவிட்டது.

சனிக்கிழமைகளில் குருவிட்டயில், கோயிலை ஒட்டிய ஒரு மண்டபத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். தகரக் கூரை. இரத்தினபுரிப் பக்கத்து மழை அதில் விழத் தொடங்கினால் பாடம் நின்றுவிடும். எழுத்து வேலை கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான். அன்றைக்கும் அப்படித்தான். பாடசாலை விதிகளைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுங்கள் என்றேன். அடுத்த வருடம் சாதாரண தரம் எழுதப் போகிற ஒரு பிள்ளை, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒரு தாயின் மகள், முதல் வாக்கியமாக இப்படி எழுதியிருந்தாள்: 'ஸ்டூடண்ட்ஸ் மஸ்ட் ஒபே டு த ரூல்ஸ்.'

நான் சிவப்புப் பேனையால் 'டு'வை வெட்டினேன். முப்பது வருடமாக வெட்டிக்கொண்டிருக்கிற 'டு' அது. கை தானாகவே வெட்டும்.

"ஏன் சேர் வெட்டிட்டீங்க?"

"ஒபேக்குப் பின்னால டு வராது."

"விதிக்குக் கீழ்ப்படியணும்னுதானே சேர் சொல்றோம்? 'க்கு'ன்னா 'டு'தானே?"

"இங்கிலீஷ்ல அப்படி இல்ல."

"கம்ப்ளைக்கு வித் வருதே. அட்ஹியருக்கு டு வருதே. இதுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் இல்ல?"

மழை நன்றாகப் பெய்துகொண்டிருந்தது. அதனால் என் பதில் அவளுக்குக் கேட்கவில்லை என்று நானும், கேட்கவில்லை என்பதுபோல் அவளும் நடித்து அந்தக் காட்சியை முடித்துக்கொண்டோம். உண்மையில் என்னிடம் பதில் இல்லை.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் விதிகளுக்கு அடங்கி நடக்கிற வினைகளை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். 'கம்ப்ளை' 'வித்'தைப் பிடித்துக்கொண்டு வரும். 'அபைட்' 'பை' இல்லாமல் அடி எடுத்து வைக்காது. 'அட்ஹியர்', 'கன்ஃபோர்ம்' இரண்டுக்கும் 'டு' வேண்டும். குடும்பமே கைத்தடியோடு நடக்கும்போது மூத்தவரான 'ஒபே' மட்டும் கைவீசிக்கொண்டு போகிறார். 'ஒபே த லோ', 'ஒபே யுவர் மதர்', 'ஒபே ஓர்டர்ஸ்'. இடையில் ஒன்றும் கிடையாது.

இந்தக் கைத்தடி எங்கே தொலைந்தது என்று தேடித்தான் என் வாரம் போயிற்று. 'கம்ப்ளை'க்காக எடுத்து வைத்திருந்த குறிப்புகள் மேசையில் அப்படியே கிடக்கின்றன.

'ஒபே' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இலத்தீன் சொல். இலத்தீனில் 'ஒபொயெதீரே'. உடைத்தால் 'ஒப்' என்ற முன்னொட்டும் 'ஔதீரே' என்ற வினையும். 'ஔதீரே' என்றால் காதால் கேட்பது. ஓடியோ, ஓடியன்ஸ், ஓடிட்டோரியம் எல்லாம் பிறந்த வீடு அது. ஆக, ஒருவர் பக்கமாகக் காதைத் திருப்பிக்கொண்டு கேட்பதுதான் 'ஒபே'யின் அடிப்படை. இலத்தீனில் அந்த வினை நான்காம் வேற்றுமையைத்தான் எடுக்கும். நம்முடைய 'கு'வேதான். பிரெஞ்சில் இன்றைக்கும் 'ஒபேயிர்' என்ற வினைக்குப் பின்னால் 'ஆ' என்ற இடைச்சொல் வராமல் இருக்காது. அதுவும் 'க்கு'தான்.

அப்படியானால் ஆங்கிலத்தில்? இங்கேதான் புதன்கிழமை இரவு நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் வேதாகமத்தில், ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். யாருக்கு நீங்கள் கீழ்ப்படிகிறீர்களோ அவருக்கு நீங்கள் அடிமை என்று வருகிற இடம். அங்கே 'ஒபே' என்ற வினை 'டு'வோடு இருக்கிறது! ஆங்கில உரைநடைக்கே இலக்கணம் என்று கொண்டாடப்படுகிற நூலில். பிறகு வந்த காலத்தில்தான் அந்த 'டு' உதிர்ந்து போயிருக்கிறது. எங்கள் குருவிட்டப் பிள்ளை எழுதியது பிழையே இல்லை. 400 வருடம் தாமதமாக எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான்.

இதை வீட்டில் உரக்கச் சொன்னேன். பருப்பு அடிப்பிடிக்கப் போகிறது, அதை இறக்கி வைத்துவிட்டு மற்றதைச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. சொன்னபடி கேட்டேன்.

கடைசியாக எழுதிய இரண்டு சொல்லை இன்னொரு தடவை வாசியுங்கள். 'சொன்னபடி கேட்டேன்.' பருப்பை இறக்கியதற்குத் தமிழில் 'கேட்டேன்' என்று சொல்கிறோம். இலத்தீன்காரனுக்குத் தோன்றியது நமக்கும் தோன்றியிருக்கிறது, அவனிடம் கடன் வாங்காமலே. அம்மா பேச்சைக் கேள், பெரியவங்க சொல்லக் கேளு, சொல் பேச்சுக் கேக்காத பய. ஜெர்மன் மொழியில் பணிவதைச் சொல்கிற 'கெஹோர்கென்', காதைத் தீட்டிக் கேட்பது என்ற வினையிலிருந்து வந்தது. ரஷ்ய மொழியிலும் கேட்பதற்கும் பணிவதற்கும் ஒரே வேர். எபிரேயத்தில் 'ஷமா' இரண்டு வேலையும் பார்க்கும். அரபுக் கதைகளில் விளக்கைத் தேய்த்ததும் வருகிற பூதம் கேட்டேன், பணிந்தேன் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லும். சமஸ்கிருதத்தில் இன்னொரு கதையும் உண்டு. அங்கே ஏவலாளுக்குக் 'கிங்கரன்' என்று பெயர், 'என்ன செய்யட்டும்?' என்று கேட்பவன் என்று பொருள் சொல்வார்கள். அந்தக் கிங்கரர்களை நாம் எமனிடம் மட்டும் வேலைக்கு விட்டிருக்கிறோம்.

'கேள்' இன்னும் சில வீடுகளுக்குள் போய் வருகிறது. காய்ச்சல் மருந்துக்குக் கேக்கல என்கிறோம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி இருக்கிறார். நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டு, "காலு நான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது தம்பி" என்பார். இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் 'ஒபே'தான் வேண்டும். என் கால்கள் எனக்கு 'ஒபே' பண்ண மறுக்கின்றன என்று ஆங்கிலேயன் எழுதுவான். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த வினையின் நுட்பமான பிரயோகம் அவர் வாயில் இருக்கிறது.

இனி, பிள்ளையின் கேள்விக்கு என் பதில். தாமதமான பதில்தான். 'ஒபே' எழுதப் போகும்போது 'கீழ்ப்படி'யை நினைக்காதே; 'கேள்' என்று நினை. கீழ்ப்படி என்றால் விதி'க்கு' என்று வரும், 'டு' பின்னாலேயே ஓடிவரும். கேள் என்றால் சொல்'லை'க் கேள், பேச்'சை'க் கேள். இரண்டாம் வேற்றுமை. 'ஐ'க்கு ஆங்கிலத்தில் இடைச்சொல் கிடையாது. வினை, அடுத்துச் செயப்படுபொருள், முடிந்தது கதை. முப்பது வருடம் சிவப்புப் பேனையால் வெட்டியதை ஒரு தமிழ் வினை செய்துவிடும் என்று இந்த வாரம்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் பேனை மை எவ்வளவோ மிச்சம்.

கீழ்ப்படி என்ற சொல்லின் மேல் எனக்குப் பழைய மனத்தாங்கலும் ஒன்று உண்டு. நான் படித்த காலத்தில் காய்ச்சல் வந்து பாடசாலைக்குப் போகாவிட்டால் கடிதம் கொடுக்க வேண்டும். கடைசி வரி எல்லோருக்கும் ஒன்றுதான்: 'இங்ஙனம், தங்கள் கீழ்ப்படிவுள்ள மாணவன்.' காய்ச்சலுக்கும் கீழ்ப்படிவுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த வயதில் புரியவில்லை. 'யுவர் ஒபீடியன்ட் சேர்வன்ட்' என்று ஆங்கிலத்துரைமார் தங்களுக்குள் எழுதிக்கொண்ட வெறும் சம்பிரதாயம் அது. அவர்கள் அப்படிக் கையெழுத்துப் போட்டு ஒருவரை ஒருவர் திட்டியும் எழுதுவார்கள். நாம் அதை மொழிபெயர்த்ததோடு நிற்காமல் நம்பவும் செய்தோம். சொல்லையே பாருங்கள், கீழ்ப் படி. தோட்டத்தில் பங்களா மேட்டில் இருக்கும். லயம் பள்ளத்தில் இருக்கும். நடுவில் படிகள். யார் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது.

ஆங்கிலேயப் பெண்களுக்கும் இந்த வினையோடு ஒரு வழக்கு இருந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் பழைய கல்யாண ஒழுங்கில் மணமகள் மட்டும் 'ஒபே' செய்வேன் என்று உறுதி சொல்ல வேண்டும். மாப்பிள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை. 1981இல் டயானா சார்ல்ஸைக் கைப்பிடித்தபோது அந்தச் சொல்லை விட்டுவிட்டார். உலகமே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த கல்யாணம். ஒரு வினைச்சொல் வராமல் போனது செய்தியானது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

கல்யாண வீட்டை விட்டுப் பெரட்டுக்களத்துக்கு வருவோம்.

மலையகத்துக்கு வெளியே வாசிப்பவர்களுக்காக ஒரு வரி: விடிவதற்கு முன்னால் தப்பு அடிப்பார்கள், ஆட்கள் வந்து வரிசையாக நிற்பார்கள், யார் யார் எந்த மலைக்கு, எந்த வேலைக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். அது பெரட்டு. அந்த இடம் பெரட்டுக்களம். தாமதித்து வந்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. 'பேர்' என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. அரை நாளுக்கு அரைப்பேர். மனிதனின் பெயரையே நாள் கூலிக்கு அலகாக்கிய ஊர் இது, ஆனால் அது வேறு வாரத்துக்குரிய கதை.

'பெரட்டு' என்பது 'பரேட்'. படை அணிவகுப்பு. தேயிலைக்கும் படைக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். தேயிலைக்கு முன்னால் கோப்பி. கோப்பியை இலங்கையில் பெருந்தோட்டப் பயிராக ஊன்றியவர்களில் முக்கியமானவர் ஆளுநர் சேர் எட்வேர்ட் பார்ன்ஸ். 1824 முதல் 1831 வரை ஆட்சி. கண்டிக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் தனக்கே ஒரு கோப்பித் தோட்டம் வைத்திருந்தார். அதற்கு முன்னால் மனிதர் என்ன செய்தார்? 1815இல் வாட்டர்லூவில், நெப்போலியனுக்கு எதிரான படையில் நின்று காயம் பட்டவர். முதல் துரைமாரில் இன்னும் பல பேர் படையிலிருந்து வந்தவர்கள். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்துவதற்கு அவர்களிடம் வேறு என்ன சொல் இருந்திருக்கும்?

இன்னொரு சொல்லும் இருக்கிறது: கவ்வாத்து. தேயிலைச் செடியின் தலையை வெட்டிச் சமமாக்குவதற்குப் பெயர். பழைய தமிழில் சிப்பாய்களின் அணிப் பயிற்சிக்கும் 'கவாத்து' என்றுதான் பெயர். அது உருது வழியாக நம்மிடம் வந்த அரபுச் சொல், 'கவாயித்'. 'காயிதா' என்பதன் பன்மை. காயிதா என்றால் விதி. அதாவது கவாத்து என்றாலே விதிகள்! சிப்பாயை விதிப்படி நிறுத்துவதும் செடியை விதிப்படி நிறுத்துவதும் ஒரே சொல்தான் என்பது என் கட்சி. வேர்ச்சொல் வல்லுநர்கள் வேறு கட்சி கட்டினால் கட்டட்டும். நிரை நிரையாக, இடுப்புயரத்துக்கு, ஒரே மட்டத்தில் நிற்கிற தேயிலையைப் பார்த்தவர்கள் என் பக்கம்தான் நிற்பார்கள்.

குருவிட்டயில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் ஒரு வேடிக்கை. 1962இல் தொடங்கிய கெமுனு ஹேவா படையணியின் தலைமையகம் இங்கேதான். அசல் பரேட் நடக்கிற ஊர். கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குப் போகிற பெருந்தெருவில் பஸ்ஸில் வந்தால் ஊருக்குள் படை முகாமும் இருக்கிறது, சிறைச்சாலையும் இருக்கிறது, பாடசாலையும் இருக்கிறது. சற்று உள்ளே போனால் தோட்டங்கள். 'ஒபே' என்ற வினையைச் சொல்லிக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. எடுத்துக்காட்டுக்குப் புத்தகம் வேண்டியதில்லை, ஜன்னல் போதும்.

துரைமாருக்கு வருவோம். கட்டளை போட வேண்டுமானால் கேட்பவனுக்கு விளங்குகிற மொழியில் போட வேண்டும். அதனால் புதிதாக வருகிற சின்னதொரைமார், அதாவது உதவித் துரைமார், தமிழ் படித்தார்கள். அவர்களுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் பெர்குசன் குடும்பத்தார் ஒரு சட்டைப்பைப் புத்தகம் போட்டார்கள். சின்னதொரைக்கான தமிழ் வழிகாட்டி. அதன் பெயர் என்ன தெரியுமா? 'இங்கே வா'.

உலகத்தில் எத்தனையோ மொழிப் பாடநூல்கள் இருக்கின்றன. 'வணக்கம்' என்று பெயர் வைத்தவர்கள் உண்டு, 'முதற்படி' என்று வைத்தவர்கள் உண்டு. 'இங்கே வா' என்று ஒரு மொழிக்குப் பாடநூல் போட்டது இலங்கைத் தோட்டத்தில்தான். வாங்க அல்ல, வாருங்கள் அல்ல. வா.

இதில் தமிழுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, குற்றம் முழுவதையும் பெர்குசன் தலையில் போடக்கூடாது. ஆங்கிலத்தில் வினையை 'டு கம்', 'டு கோ' என்று சொல்கிறார்கள். சமஸ்கிருதத்தில் தாது என்று எடுத்து வைக்கிறார்கள். தமிழில் வினைச்சொல்லைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே அது ஏவல். வா, போ, எடு, வெட்டு, நில், கேள். அகராதியில் வினைப்பகுதி என்று நாம் வைத்திருக்கிற அத்தனையும் ஒருவனைப் பார்த்து இடுகிற கட்டளை. ஆகவே சின்னதொரைக்கு வேலை சுலபம். ஒரு வினையை மனப்பாடம் செய்தால் போதும், ஓடர் தயார். மரியாதை வேண்டுமென்றால்தான் இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும். 'ங்க' சேர்க்க வேண்டும். புத்தகம் சட்டைப்பைக்குள் அடங்க வேண்டும் இல்லையா, மரியாதைக்கு இடம் போதவில்லை போலும்.

பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சட்டமும் வந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தொழிலாளியின் குற்றங்களை வரிசைப்படுத்தியபோது, குடிபோதை, துடுக்குத்தனம், வேலையில் அசட்டை ஆகியவற்றோடு, வேண்டுமென்றே கட்டளையை மீறுவதையும் சேர்த்தது. தண்டனை சிறை வரைக்கும் போகலாம், சம்பளத்தையும் இழக்கலாம். முதலாளி சொல்லைத் தொழிலாளி கேட்காவிட்டால் இன்றைக்கு என்ன நடக்கும்? வேலை போகலாம், வழக்குத் தொழில் நீதிமன்றத்துக்குப் போகலாம். அன்றைக்கு அது பொலிசும் மறியலும் சம்பந்தப்பட்ட விஷயம். 'டிஸ்ஒபே' பண்ணினால் குற்றவாளி. தோட்டத்தை விட்டுச் சொல்லாமல் போனாலும் குற்றவாளி. சொல்லிவிட்டுப் போகலாம் என்றால் 'துண்டு' வேண்டும். இவருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிறவர் இவரை அழைத்துப் போகலாம் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. ஆளோடு கடனும் தோட்டம் விட்டுத் தோட்டம் போகும். 1921இல்தான் துண்டு முறையை ஒழித்தார்கள்.

கட்டளை மீறியவர்கள் பட்டியலில் சின்னதொரை ஒருவரும் இருக்கிறார் என்று சொன்னால் நம்புவீர்களா? மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில். இலண்டனில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்து, 1936இல் தேயிலை பழக இலங்கைக்கு வந்த இளைஞர். அந்த நாட்களில் தோட்டம் பழக வருகிற வெள்ளைக்கார இளைஞனுக்குக் 'கிரீப்பர்' என்று பட்டப்பெயர். படர்கொடி. மடுல்கலையில் ரெலுகஸ் தோட்டத்தில் பழகிய இந்தக் கொடி வேறு பக்கம் படர்ந்துவிட்டது. லயங்களின் நிலையைப் பார்த்துவிட்டுத் தொழிலாளர் பக்கம் பேசத் தொடங்கினார். வேலை போயிற்று. சமசமாஜக் கட்சி மேடைகளில் ஏறினார். 1937 ஏப்ரலில் ஆளுநர் ஸ்டப்ஸ், 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டுப் போ என்று கட்டளை அனுப்பினார். மனிதர் போகவில்லை, தலைமறைவானார். மே மாதம் காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கான சனத்துக்கு முன்னால் திடீரென்று மேடையில் தோன்றினார். பிடித்தார்கள், வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது, ஆளுநரின் கட்டளை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 'இங்கே வா' படிக்க வேண்டிய பிள்ளை 'வெளியே போ' என்ற சொல்லையே கேட்காமல் போனது எங்கள் தோட்ட வரலாற்றில் எனக்குப் பிடித்த அத்தியாயம். ஆசிரியர் இதற்கு இரண்டு பத்திக்கு மேல் ஆகாது என்று முன்பே சொல்லியிருந்தார். ஒன்றோடு நிறுத்திவிட்டேன். கேட்டேன், பணிந்தேன்.

திரும்பவும் 'கேள்'. தமிழ் வினைக்கு இலத்தீன் வினையிடம் இல்லாத ஒரு குணம் உண்டு. 'ஔதீரே'க்குக் காது மட்டும்தான். நம்முடைய 'கேள்'ளுக்கு வாயும் இருக்கிறது. சொன்னதைக் கேட்பதும் கேள். எங்கே என் சம்பளம் என்று கேட்பதும் கேள். பெரட்டுக்களத்தில் நூறு வருடம் முதல் 'கேள்' மட்டும் நடந்தது. இரண்டாவதைத் தொடக்கி வைத்தவர்களில் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையாரும் முக்கியமானவர்கள். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நின்ற வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு வருடக்கணக்காக நடந்த இழுபறி நம் காலத்துக் கதை. 2021இல் சம்பளச் சபை வழியாகத்தான் அந்த ஆயிரம் வந்தது. இவை எல்லாவற்றையும் தமிழில் எழுதும்போது ஒரே வினைதான் வருகிறது. 'கேட்டார்கள்.' வரலாறு எழுதுகிறவர்கள் அந்தச் சொல்லுக்கு முன்னால் வேற்றுமை உருபைக் கவனமாகப் போட வேண்டும். 'துரை சொல்லைக் கேட்டார்கள்' என்பது ஒரு நூற்றாண்டு. 'துரையிடம் கேட்டார்கள்' என்பது அடுத்தது.

பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காகப் பிரயோகத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பெற்றோரிடமிருந்து கடிதம் வரும். 'ஒபே'க்கு எதிரே ஓர் அதிகாரம் நிற்க வேண்டும்: தாய், தலைவர், அதிகாரி, சட்டம், கட்டளை, சைகை விளக்கு. நாய் எசமானை 'ஒபே' பண்ணும். கிரகங்கள் இயற்பியல் விதிகளை 'ஒபே' பண்ணும். அறிவுரையை 'ஒபே' பண்ண முடியாது, அதற்கு 'ஃபலோ'. பண்டிகையை 'ஒபே' பண்ண முடியாது. அதற்குப் போன வாரத்து 'ஒப்சேர்வ்'. தரச் சான்றிதழின் நிபந்தனைகளை 'ஒபே' பண்ணுகிறோம் என்று எந்தக் கம்பனியும் எழுதாது. அங்கே 'கம்ப்ளை' வந்து உட்கார்ந்துகொள்ளும். 'ஒபே'யில் ஒருவன் மேலே, ஒருவன் கீழே என்பது வெளிப்படையாகத் தெரியும். 'கம்ப்ளை' காகிதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒபேசேகர என்ற பெயரில் 'ஒபே' எங்கிருந்து வந்தது என்று ஒரு வாசகர் முன்பு கேட்டிருந்தார். இந்த வினைக்கும் அந்தப் பெயருக்கும் ஒரு ஒட்டும் இல்லை ஐயா, அது சிங்களப் பெயர். ஆங்கில எழுத்தில் எழுதும்போது வந்த தோற்றப் பிழை.

சரி, 'கம்ப்ளை'. நேற்று ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன், அதற்காகவே. எல்லா இடமும் கழுவி, பெயர்ப்பலகைகளுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். என்ன விசேஷம் என்று கேட்டேன். "ஓடிட் வாறாங்க" என்றார்கள். ஏற்றுமதிச் சான்றிதழுக்காக வெளியாட்கள் வந்து பார்ப்பது. ஓடிட்! அதுவும் அதே 'ஔதீரே' வீட்டுப் பிள்ளை. கணக்கை உரக்க வாசிக்க, அதிகாரி உட்கார்ந்து காதால் கேட்டுச் சரிபார்த்த காலத்துச் சொல். 'ஒபே'யும் 'ஓடிட்'டும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவை. முன்பு கீழே நின்றவன் மேலே உள்ளவனைக் கேட்டான், இப்போது யாரோ மூன்றாமவர் வந்து இருவரையும் கேட்கிறார். ஓடிட் முடிந்தால் கையில் கொடுப்பது 'கம்ப்ளையன்ஸ்' அறிக்கை. அந்தக் 'கம்ப்ளை'யின் வேரில் காது இல்லை, நிரப்ப வேண்டிய ஒரு பாத்திரம் இருக்கிறது. கொழுந்துக் கூடையும் ரப்பர் பால் வாளியும் உள்ளே வரும்.

அது அடுத்த வாரம். இந்தத் தடவை உறுதியாக.

இதற்கிடையில் வாசகர்களிடம் ஓர் உதவி. 'இங்கே வா' புத்தகத்தின் பழைய பிரதி எங்காவது பங்களா அலமாரியிலோ உங்கள் தாத்தாவின் பெட்டியிலோ கிடந்தால், கறையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, தூக்கி எறியாமல் இதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பிள்ளையின் கொப்பியில் நான் வெட்டிய 'டு'வுக்குப் பக்கத்தில் '1611' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மதிப்பெண்ணைக் கூட்டவில்லை, பரீட்சையில் அதற்குப் புள்ளி கிடைக்காது.